ஒரே மாவட்டத்து அரசுப் பள்ளிகள்: தேர்ச்சியில் ஏன் இத்தனை ஏற்றத்தாழ்வு?

கல்வி வினா – விடை

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி குறித்து வேலூர் மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் ஒருசேர விடையளிக்கிறோம்.

கேள்வி: தேர்ச்சிப் பட்டியல் வெளியாகும்போதெல்லாம் வேலூர் மாவட்டத்தைக் கடைசி வரிகளில்தான் தேட வேண்டியிருக்கிறது. பீடியும் தோலும் தீப்பெட்டியும் சோறு போடுகிற ஊர்களில் பிள்ளைகள் இவ்வளவுதான் படிப்பார்கள் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்களே சொல்கிறார்கள். வறுமைதான் காரணம் என்று ஏற்றுக்கொண்டு விடலாமா?
— ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், காட்பாடி

பதில்: வறுமை பெரிய காரணம், ஐயா. ஆனால் அதையே முழுக் காரணமாகச் சொல்வதற்கு எண்கள் இடம் தரவில்லை. 2024-ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மாநிலத் தேர்ச்சி 91.55 விழுக்காடு, வேலூர் மாவட்டம் 82.07 விழுக்காட்டுடன் கடைசி இடத்தில் நின்றது. அதே தேர்வில் 97.31 விழுக்காடு பெற்று முதலிடத்துக்கு வந்த அரியலூர், செல்வம் கொழிக்கும் மாவட்டம் அன்று. முதல் மூன்று இடங்களுக்குள் வந்த இராமநாதபுரமோ, மிகவும் பின்தங்கியவை என்று நிதி ஆயோக் நாடு முழுவதும் தேர்ந்தெடுத்துத் தனிக் கவனம் செலுத்தும் மாவட்டங்களுள் ஒன்று. அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற இன்னொரு மாவட்டம் விருதுநகர். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பேர்போன அந்த மாவட்டம் பல ஆண்டுகள் பொதுத்தேர்வுத் தேர்ச்சியில் முன்வரிசையில் இருந்திருக்கிறது. குடியாத்தத்தில் தீப்பெட்டித் தொழில் இருப்பதால் பிள்ளைகள் தேற மாட்டார்கள் என்று சொல்பவர்கள் சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகள் எப்படித் தேறினார்கள் என்பதற்கும் விடை சொல்ல வேண்டும்.

இதைச் சொன்னவுடன் வறுமையை ஒதுக்கிவிட்டதாக எண்ண வேண்டாம். அது படிப்பைத் தொடும் விதத்தை நம் பகுதியிலேயே கண்ணால் காணலாம். பீடி சுற்றும் வீட்டில் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கில் வருகிறது. தாய் இலையை அளவாக வெட்டி, தூளை வைத்துச் சுருட்டிப் போட, தலையை மடக்குவதும் நூல் கட்டுவதும் பிள்ளைகளின் சின்ன விரல்களுக்கு எளிதாகப் பழகிவிடுகின்றன. மறுநாள் காலையில் கட்டுகளை ஒப்படைத்தாக வேண்டிய இரவில், எட்டாம் வகுப்பில் படிக்கும் பெண் புத்தகத்தைத் திறப்பதற்குப் பத்து மணி ஆகிவிடும். அவள் நாள்தோறும் பள்ளிக்கு வருகிறாள். வருகைப் பதிவேட்டில் அவளுடைய பெயருக்கு நேரே ஒரு குறையும் தெரியாது. படிக்கக் கிடைத்திருக்க வேண்டிய அந்த இரண்டு மணி நேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

வறுமைக்கு அப்பாற்பட்ட காரணங்களில் நான் முதலில் வைப்பது ஆசிரியர் நிலைத்து நில்லாமையை. தென் மாவட்டங்களைச் சொந்த ஊராகக் கொண்ட ஆசிரியர்கள் வட மாவட்டங்களில் முதற்பணி ஏற்று, சில ஆண்டுகளில் பொது மாறுதல் கலந்தாய்வின் வழியாக ஊர் திரும்புவது நெடுங்காலமாக நடந்து வருகிறது. அவர்கள் மீது குறை சொல்வதற்கில்லை. வயதான பெற்றோரும் குடும்பமும் அங்கே இருக்கும்போது யாருக்குத்தான் ஊர் நினைவு வராது? ஆனால் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர் ஜூனில் விடைபெற்று, அடுத்தவர் நவம்பரில் வந்து சேர்ந்தால், இடையில் போன ஐந்து மாதங்களை அந்தப் பள்ளியின் பத்தாம் வகுப்பு மீட்டெடுக்கவே முடியாது. ஒரே வட்டாரத்தில், ஒரே அளவு ஏழ்மையுள்ள இரண்டு ஊர்களின் பள்ளிகளுக்கு இடையே காணும் வேறுபாட்டில் பெரும்பகுதி இங்கிருந்துதான் தொடங்குகிறது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவில் இரண்டு அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. ஒன்றில் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. வாயிலில் பதாகை கட்டியிருக்கிறார்கள். இன்னொன்றில் 84 விழுக்காடு. என் மகனை ஆறாம் வகுப்பில் எதில் சேர்ப்பது? பதாகையைப் பார்த்து முடிவெடுக்கலாமா?
— ஒரு தாய், குடியாத்தம்

பதில்: பதாகையை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், அம்மா. நூறு விழுக்காடு மகிழத்தக்கதுதான். ஆசிரியர்களின் உழைப்பு அதில் நிச்சயம் இருக்கும். எனினும் அந்த நூறு எந்த நூறு என்று கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

முதலில், தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பன்னிரண்டு பேர் எழுதிய பள்ளியில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஒரு தாள் கெட்டுப்போனாலும் தேர்ச்சி எட்டு விழுக்காட்டுக்கு மேல் சரிந்துவிடும். அடுத்த ஆண்டு அதே பள்ளி, அதே ஆசிரியர்களுடன் மீண்டும் நூற்றைத் தொடும். இருநூறு பேர் எழுதும் பள்ளியில் இப்படிப்பட்ட ஏற்ற இறக்கம் வராது. மாவட்டப் பட்டியலின் உச்சியிலும் அடியிலும் சிறிய பள்ளிகளே மாறி மாறி இடம்பிடிப்பதற்கு இதுவே காரணம். ஆகவே ஓர் ஆண்டின் எண்ணை விட்டுவிட்டு, மூன்றாண்டுகளில் மொத்தம் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்று சேர்த்துக் கேட்பதே நியாயமான ஒப்பீடு.

இரண்டாவது, அவற்றுள் ஒன்று பெண்கள் பள்ளியா, ஆண்கள் பள்ளியா, இருபாலர் பள்ளியா என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2024-இல் மாநில அளவில் மாணவியர் தேர்ச்சி 94.53 விழுக்காடு, மாணவர் தேர்ச்சி 88.58 விழுக்காடு. ஏறத்தாழ ஆறு விழுக்காடு வேறுபாடு பள்ளியின் வாசலைத் தாண்டுவதற்கு முன்பே இருக்கிறது. நகரங்களில் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்கு இருக்கும் நற்பெயரிலும், ஆண்கள் பள்ளிக்கு இருக்கும் கெட்ட பெயரிலும் ஒரு பங்கு இந்த வேறுபாட்டினால் வந்தது. உங்களுக்கு மகன் என்பதால், இருபாலர் பள்ளியாக இருந்தால் ஆண் பிள்ளைகளின் தேர்ச்சியைத் தனியே கேளுங்கள்.

மூன்றாவதாகச் சொல்லப்போவதைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. முதற்பள்ளியில் ஐந்தாண்டுகளுக்கு முன் ஆறாம் வகுப்பில் 48 பேர் சேர்ந்தார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் 30 பேர். முப்பது பேரும் தேறினார்கள். இரண்டாம் பள்ளியில் 60 பேர் சேர்ந்து, 57 பேர் எழுதி, 48 பேர் தேறினார்கள். பதாகையில் முதற்பள்ளிக்கு நூறு, இரண்டாம் பள்ளிக்கு 84. ஆனால் உங்களைப் போல ஆறாம் வகுப்பில் பிள்ளையைக் கைப்பிடித்துக் கொண்டுபோய் விட்ட தாய்மார்களின் கணக்கில், முதற்பள்ளி நூற்றுக்கு 62 பேரைத்தான் கரை சேர்த்திருக்கிறது. இரண்டாம் பள்ளி நூற்றுக்கு 80 பேரைக் கரை சேர்த்திருக்கிறது. முதற்பள்ளியில் இடையில் காணாமற்போன பதினெட்டுப் பேரில் சிலர் மாற்றுச் சான்றிதழ் வாங்கி வேறு பள்ளிக்குப் போயிருக்கலாம், அவர்களைக் கழித்துவிடலாம். மற்றவர்கள் எங்கே? ஒன்பதாம் வகுப்பின் நடுவில் தோல் தொழிற்சாலைக்கோ, பெங்களூரில் கட்டட வேலைக்கோ போனவர்கள் இருப்பார்கள். ‘இவன் எழுதினால் நம் விழுக்காடு கெட்டுவிடும்’ என்று மெல்ல வெளியே அனுப்பப்பட்டவர்களும் இருக்கக்கூடும். எட்டாம் வகுப்பு வரை யாரையும் தேர்ச்சியின்றி அதே வகுப்பில் நிறுத்திவைக்காத நம் மாநிலத்தில், ஒன்பதாம் வகுப்பில்தான் இந்தக் கசிவு நடக்கிறது. கல்வித்துறையின் எமிஸ் இணையதளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் இருப்பதால், சேர்ந்த பிள்ளை எங்கே போனது என்று சொல்லும் தகவல் தலைமை ஆசிரியரிடம் இருக்கும். அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவையும் கேட்ட பிறகு, முடிந்தால் ஒரு நாள் ஆறாம் வகுப்பு நடக்கும் நேரத்தில் இரண்டு பள்ளிகளுக்கும் போய்ப் பாருங்கள். நான் பார்த்த ஒரு வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினார்: ஒருவர் 480 ரூபாய்க்கு வாங்கிய பொருளை 540 ரூபாய்க்கு விற்றால் இலாப விழுக்காடு என்ன? வாரச்சந்தையில் காய்கறிக் கடை போடுபவரின் மகன் ஒருவன் விழித்துக்கொண்டு நின்றான். ஆசிரியர் அதைத் தாமே வாய்விட்டுப் படித்துச் சொன்னதும், ‘அறுபது ரூபாய் இலாபம், எட்டில் ஒரு பங்கு’ என்று உடனே சொல்லிவிட்டான். அவனுக்குக் கணக்கு தெரியும். கணக்கைப் படிக்கத் தெரியவில்லை. அந்த ஆசிரியர் அன்று மாலையே அவனையும் இன்னும் ஏழெட்டுப் பேரையும் தனியே உட்கார வைத்துத் தமிழ் வாசிக்கச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். அவர் கணக்கு ஆசிரியர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். வாசிப்பு தமிழாசிரியரின் வேலை என்று அவர் விட்டுவிடவில்லை. ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளைகளின் வாசிப்பை முதல் மாதத்திலேயே சோதித்துப் பார்த்து, பின்தங்கியவர்களுக்கு அப்போதே நேரம் ஒதுக்கும் பள்ளி எதுவோ, அங்கே உங்கள் மகனைச் சேருங்கள். அதன் தேர்ச்சி 84 ஆக இருந்தாலும் சரி.

கேள்வி: எங்கள் வீட்டில் பேசுவது உருது. தெருவில் பாதிப் பேர் தெலுங்கு பேசுகிறார்கள். பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தில் தடுமாறுகிறார்கள். ‘இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது’ என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு மனம் நொந்தேன்.
— ஒரு தந்தை, பேரணாம்பட்டு

பதில்: அப்படிச் சொன்னவர் மூன்று மொழிகளில் கடைக்காரரோடு பேசிக் காரியம் முடித்துவரும் ஒரு பத்து வயதுப் பிள்ளையை உற்றுப் பார்த்ததில்லை போலும். பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் நகரின் சில பகுதிகள் ஆகிய இடங்களில் உருதும், ஆந்திர எல்லையை ஒட்டிய சிற்றூர்களில் தெலுங்கும் வீட்டுமொழிகள். 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தின்படி தமிழ் எல்லாப் பள்ளிகளிலும் பகுதி ஒன்றில், அதாவது முதல் மொழிப் பாடமாக, கட்டாயமாக்கப்பட்டது. அது வேண்டியதுதான் என்பதே என் கருத்து. இந்த மாநிலத்தில் வேலைக்கும் உயர்கல்விக்கும் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமல் போவது பிள்ளைகளுக்கே இழப்பு. ஆனால் சட்டம் போட்ட அளவுக்கு, தமிழை இரண்டாம் மொழியாகக் கற்கும் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்ற பயிற்சி ஆசிரியர்களுக்குக் கிடைக்கவில்லை. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கும் பேசாத பிள்ளைக்கும் ஒரே புத்தகம், ஒரே வேகம் என்றால் இரண்டாமவர் முதல் வகுப்பிலேயே பின்தங்கிவிடுவார்.

கொரோனாவுக்குப் பின் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பாடம் நடத்தச் சொல்கிறது. உங்கள் பிள்ளை தொடக்கப் பள்ளியில் இருந்தால், எந்த நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது, எப்போது அடுத்த நிலைக்கு மாற்றினார்கள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். கூடவே, வீட்டில் உருதில் கதை சொல்வதை நிறுத்திவிடாதீர்கள். ஒரு மொழியில் கோவையாகப் பேசப் பழகிய பிள்ளைக்கு அடுத்த மொழி விரைவில் வசப்படும்.

கேள்வி: பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு போன்ற மலை ஊராட்சிகளின் பிள்ளைகளைக் கீழ்நாட்டுப் பள்ளிகளோடு ஒப்பிடுவது முறையா?
— ஒரு வாசகர், ஒடுகத்தூர்

பதில்: முறையாகாது. கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளியும் மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலைப் பள்ளியும் இருக்க வேண்டும் என்கின்றன. மலையில் ஒரு கிலோமீட்டர் என்பது ஓடையைக் கடந்து ஏறி இறங்கும் ஒரு கிலோமீட்டர். பெற்றோர் கூலி வேலைக்குப் பிற மாநிலங்களுக்குப் போகும் மாதங்களில் பிள்ளைகளும் கூடப் போய்விடுகிறார்கள். உண்டு உறைவிடப் பள்ளியில் விடுதி ஒழுங்காக நடந்தால் பிள்ளை தங்கும். விடுதிக் காப்பாளர் பணியிடம் காலியாக இருந்தால் பிள்ளையும் பெற்றோரோடு கிளம்பிவிடும். மலைப்பள்ளியை மலைப்பள்ளியோடு, அதன் சென்ற ஆண்டோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: தேர்ச்சி குறைந்த பள்ளிகளின் ஆசிரியர்களை ஆய்வுக் கூட்டத்தில் எழுப்பி நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறார்கள். எங்கள் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் பணியிடம் ஓராண்டாகக் காலி. நாங்கள் என்ன செய்வது?
— உயர்நிலைப் பள்ளி ஆசிரியை, கணியம்பாடி வட்டாரம்

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. பத்தாம் வகுப்பில் ஐந்து பாடங்கள். ஒவ்வொன்றிலும் 35 மதிப்பெண் பெற்றால்தான் தேர்ச்சி. நான்கு பாடங்களில் எண்பது எடுத்து ஆங்கிலத்தில் 34 எடுத்த பிள்ளையும், ஐந்திலும் தவறிய பிள்ளையும் பட்டியலில் ஒன்றே. எனவே ஒரு பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு அதன் மிக நலிந்த பாடத்தின் அளவுக்குத்தான் உயரும். ஒரே ஒரு பணியிடம் காலியாக இருப்பது மற்ற நான்கு ஆசிரியர்களின் ஓராண்டு உழைப்பையும் மறைத்துவிடுகிறது. ஆய்வுக் கூட்டத்துக்குப் போகும்போது பாடவாரியான தேர்ச்சியையும், பணியிடம் காலியான தேதியையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். நிற்க வைத்துக் கேட்பவர் எவராயினும் அந்தத் தாளுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். விழுக்காட்டைக் காட்டி அச்சுறுத்தினால் பள்ளிக்கு மிக எளிதாகக் கிடைக்கும் வழி, நலிந்த பிள்ளையைத் தேர்வுக்கு முன்பே கழற்றிவிடுவதுதான். மேலே குடியாத்தத்துத் தாய்க்குச் சொன்ன கணக்கை மாவட்டத்தின் ஏழு வட்டாரங்களுக்கும் பள்ளிவாரியாகப் போட்டு, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்று வெளியிட்டால் பட்டியலின் வரிசையே மாறிப்போகும். 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபின் ஒரு முதன்மைக் கல்வி அலுவலரின் பார்வைக்குள் வரும் பள்ளிகளின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. இந்தக் கணக்கைப் போடுவது இயலாத காரியம் அன்று.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கி, அடுத்த ஆண்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. காலையில் வயிறு நிறைந்த பிள்ளை முதல் பாடவேளையிலேயே விழிப்போடு இருப்பதை ஆசிரியர்களாகிய நீங்கள் அறிவீர்கள். ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்பில் கால் வைத்த அதே பிள்ளை, அதே ஏழை வீட்டிலிருந்து, மதிய உணவு வரை காத்திருக்கிறது. வறுமை மிகுந்த வட்டாரங்களிலேனும் இதைப் பத்தாம் வகுப்பு வரை நீட்டிக்க வேண்டும்.

கேள்வி: பள்ளி மேலாண்மைக் குழுவில் என்னை உறுப்பினராகப் போட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறென்ன செய்யலாம்?
— நூறு நாள் வேலைத் திட்டத் தொழிலாளி, கீ.வ.குப்பம்

பதில்: நிறையச் செய்யலாம், அம்மா. கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதும் பொறுப்பும் குழுவுக்கே உரியது. அடுத்த கூட்டத்தில், தொடர்ந்து வராத பிள்ளைகளின் பெயரைப் படிக்கச் சொல்லுங்கள். அந்த வீடுகள் உங்களுக்குத் தெரிந்த வீடுகளாகத்தான் இருக்கும். ஆசிரியர் போனால் கதவைச் சாத்துபவர்கள், கூட வேலை பார்க்கும் நீங்கள் போனால் உட்காரச் சொல்வார்கள். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வுக்கு எத்தனை பேரை அனுப்பினார்கள் என்றும் கேளுங்கள். அதில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் வேலைக்குப் போகவிருந்த பிள்ளையைப் பள்ளியில் நிறுத்திவைக்க அந்தத் தொகை உதவும். சில பள்ளிகள் இதற்கென்று மாலை வகுப்பே நடத்துகின்றன, சில பள்ளிகளில் விண்ணப்பம் கூடப் போவதில்லை.

கேள்வி: என் தங்கை இந்த ஆண்டு கணக்கில் மட்டும் தவறிவிட்டாள். வீட்டில் செருப்புத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிடப் பார்க்கிறார்கள்.
— கல்லூரி மாணவி, பள்ளிகொண்டா

பதில்: அனுப்ப விடாதீர்கள். துணைத்தேர்வு அடுத்த சில வாரங்களிலேயே நடைபெறும். அதில் தேறினால் இதே ஆண்டில் பதினொன்றாம் வகுப்பிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ சேரலாம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பதையும் வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள். நாளைக் காலையிலேயே தங்கையை அழைத்துக்கொண்டு அவள் படித்த பள்ளிக்குப் போங்கள். விண்ணப்பத்தை அங்கேயே பதிவு செய்யலாம். துணைத்தேர்வு எழுதுபவர்களுக்குச் சிறப்பு வகுப்பு எப்போது தொடங்குகிறது என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். ‘இன்னும் முடிவு செய்யவில்லை’ என்றால், தவறிய மற்ற பிள்ளைகளின் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு மறுநாளும் போங்கள்.